கம்பத்தைப் பார்க்க வேண்டிய டிராகன்

புதன்கிழமை, காலை 6.20. தாம்பரம்.

தென்காசியில் ஏறியவள் விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கினேன். எதற்காக வந்தாய் என்று பிளாட்பாரத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லக் கூச்சப்பட்டிருப்பேன். காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வந்தேன் என்றால் மரியாதையாக இருக்கும். நான் வந்ததோ ஒரு கொடியில் டிராகனின் நாக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க. ஐம்பத்தொன்பது வயதில், முட்டிவலியோடு, அறுநூறு கிலோமீட்டர்.

கூப்பிட்டவள் காஞ்சனா. என் மகள் வித்யாவோடு பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். இப்போது ஒரகடத்தில், கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஆலை ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வித்யா கல்யாணமாகி, இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸீ என்ற ஊரில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு நான் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அந்த ஆறு மாதம்தான் என் தகுதி.

"ம்மா, நீங்க அந்த ஊர்ல இருந்துட்டு வந்தவங்க. ஒரே ஒரு தபா வந்து பாத்துட்டு ஓகே சொல்லுங்க. அப்பால நான் தைரியமா ஏத்திடுவேன்" என்றாள் போனில்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆலையில் புது வெல்டிங் லைன் போட்டபோது வேல்ஸிலிருந்து ஷான் என்ற பெண் என்ஜினியர் வந்து ஆறு மாதம் தங்கினாள். காஞ்சனா வயதுதான் அவளுக்கும். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் கேட்டில் அந்த நாட்டுக் கொடியை ஏற்றுவது இந்தப் பகுதி ஆலைகளின் வழக்கம். ஷானுக்காகப் பிரிட்டன் கொடியான யூனியன் ஜாக்கை ஏற்றினார்கள். அவள் நன்றி சொன்னாள், சிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் காஞ்சனாவிடம் மட்டும், அந்தக் கொடியில் என் ஊர் இல்லை என்றாள். இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் தன் ஊர்க் கொடியை வரைந்து காட்டினாள். அவள் திரும்பிப் போன அன்று காஞ்சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தபா நீ வரும்போது இந்தக் கம்பத்துல உன் கொடிதான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஷான் நாளை வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறாள். ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு அந்த லைனை வேறு நாட்டுக் குழு பார்த்துக்கொள்ளுமாம். அவள் இனி இந்தப் பக்கம் வர மாட்டாள்.

காலை 7.10. வாலாஜாபாத் பேருந்து.

ஜன்னலோர இருக்கை, டிக்கெட் முப்பது ரூபாய். ஒரகடம் என்றேன். நடத்துநர் விடவில்லை.

"ஒரகடம்னா எந்தக் கம்பெனிமா? கம்பெனி பேரச் சொன்னாத்தான் ஸ்டாப்பு."

"கூட்டுரோட்டுல இறக்கி விடுங்க தம்பி. அங்க பொண்ணு நிப்பா."

"வேலைக்கா?"

"கொடி பாக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கட்சிமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நம்பியதாகத் தெரியவில்லை.

தாம்பரத்திலிருந்து ஒரகடம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். படப்பை தாண்டியதும் சாலை அகலமாகிறது. இரண்டு பக்கமும் கம்பி வேலி, புல்வெளி, நீலத் தகடு போர்த்திய நீளக் கொட்டகைகள். நடுவே எதிர்பாராமல் ஒரு துண்டு வயல், நாலு எருமை, மறுபடி வேலி. ஒவ்வொரு கேட்டிலும் மூன்று கம்பங்கள். எட்டுப் பத்து கார்களைச் சுமந்த டிரெய்லர்கள் எங்கள் பேருந்தை உரசுகிற மாதிரி கடந்தன. எனக்கு இந்தச் சாலை பிடித்துப்போனது. எல்லாரும் அவசரமாக, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அடையாள அட்டை ஆட எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

காலை 9.15. பிள்ளைப்பாக்கம்.

காஞ்சனா லீவு போட்டிருந்தாள். ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிள்ளைப்பாக்கத்துக்கு ஓட்டினாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் டீ, பதினைந்து ரூபாய், சர்க்கரை ஒரு பிடி அதிகம்.

தணிகாசலம் மாஸ்டர் கார் இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடம் மெஷின் மிதித்தவர். இப்போது சொந்தமாக ஒரு கடை. சுற்றியுள்ள ஆலைகளின் விருந்தாளிக் கொடிகள் பெரும்பாலும் இவர் கையால் தைத்தவை. சுவரில் வரிசையாகத் தொங்கின.

"ஜப்பான்னா ஒரு ரவுண்டு, வேலை முடிஞ்சிச்சி. கொரியா நாலு மூலையிலும் கோடு கோடா கீது, எண்ணி அடிக்கணும். ஜெர்மனி கண்ண மூடிகினு அடிப்பேன். மிருகம் வெச்ச கொடி இதான்மா மொத தபா. றெக்க மொளச்ச உடும்பு மாரி கீது" என்றார்.

வெட்டும் மேஜைமேல் அதை விரித்தார். மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி பச்சை. நடுவே சிவப்பு சாட்டின் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த டிராகன். ஒரு முன்காலைத் தூக்கி, நாக்கை நீட்டி, வாலைச் சுருட்டி இடது பக்கம் பார்த்து நின்றது. எனக்குச் சட்டென்று ஸ்வான்ஸீயின் ஈரத் தெருக்கள் ஞாபகம் வந்தன. அங்கே இந்தப் பிராணி இல்லாத இடமில்லை. மீன் வறுவல் கடைக் கதவில், பேரனின் எச்சில் துணியில், கேக்கின்மேல், கார் கண்ணாடியில். ரக்பி ஆட்டம் நடக்கும் நாளில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இதைப் போர்வையாகவே போர்த்திக்கொண்டு கடைக்குப் போவாள். எனக்கு இந்தக் கொடியின் கதையெல்லாம் சொன்னதும் அவள்தான்.

நாக்கு சரி. நகம் சரி. வால் நுனி அம்பு மாதிரி இருக்க வேண்டும், இருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல காஞ்சனா ஒரு தாளில் டிக் அடித்தாள். கொடிக்கும் செக் ஷீட் போட்டிருந்தாள் அந்தப் புண்ணியவதி.

"இந்த டிராகன் ஏம்மா இவங்களுக்கு?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்டவர்கள் ஒழிந்தார்கள். நான் ஆரம்பித்துவிட்டேன்.

பழைய கதை ஒன்று உண்டு. வேல்ஸ் மலைப்பகுதியில், தினாஸ் எம்ரிஸ் என்ற குன்றின்மேல் ஓர் அரசன் கோட்டை கட்டினான். பகலில் கட்டிய சுவர் மறுநாள் பார்த்தால் சரிந்து கிடக்கும். அடியில் குளம் இருக்கிறது, குளத்துக்குள் இரண்டு டிராகன்கள் சண்டை போடுகின்றன, தோண்டிப் பார் என்று ஒரு சிறுவன் சொன்னான். தோண்டினார்கள். வெள்ளை டிராகனும் சிவப்பு டிராகனும் வெளியே வந்து அடித்துக்கொண்டன. முதலில் தோற்றுப்போகிற மாதிரி இருந்த சிவப்பு கடைசியில் வென்றது. வெள்ளை என்பது வந்தேறிய சாக்ஸன்கள், அதாவது ஆங்கிலேயரின் முன்னோர், சிவப்பு என்பது தாங்கள் என்று வேல்ஸ்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

"குளத்துமேல செவுரு கட்டினா வுழாம இன்னா பண்ணும்?" என்றார் மாஸ்டர். "எங்க ஏரியாவுல ஏரிய தூத்துக் கட்டின காம்பவுண்டெல்லாம் மழைக்கு மழை சாயுது. டிராகனா கீது உள்ள?"

காஞ்சனா சிரித்துச் சிரித்து இருமினாள். நான் விடாமல் தொடர்ந்தேன். இந்தச் சிவப்பு டிராகன் ரோமானியக் குதிரைப்படை கோலில் கட்டிக் காற்றில் உப்பும்படி பறக்கவிட்ட துணிப்பாம்பிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. வெள்ளையும் பச்சையும் டியூடர் குடும்பத்தின் நிறங்கள். அந்தக் குடும்பத்தில் வேல்ஸ் ரத்தம் உள்ள ஒருவன் 1485இல் பாஸ்வொர்த் போரில் இந்த டிராகனைப் பிடித்துக்கொண்டு ஜெயித்து இங்கிலாந்துக்கே ராஜாவானான். வேடிக்கை என்னவென்றால், அவன் மகன் காலத்தில்தான் வேல்ஸ் சட்டப்படி இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. பிறகு யூனியன் ஜாக் வரைந்தபோது இங்கிலாந்தின் சிலுவையும் ஸ்காட்லாந்தின் சிலுவையும் வந்தன, பின்னால் அயர்லாந்தின் சிலுவை சேர்ந்தது. வேல்ஸ் ஏற்கெனவே இங்கிலாந்துக்குள் அடக்கம் என்று அதற்கு ஒரு நூல்கூட ஒதுக்கவில்லை. இப்போதிருக்கும் கொடிக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 1959இல்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ டியூடரெல்லாம் யாருக்கு வேண்டும், அது எங்கள் லீக் கீரையின் நிறம் என்பாள். நம்மூர் வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அடி வெள்ளை, நுனி பச்சை.

"அப்போ ஷான் அன்னிக்கு சும்மா சொல்லல" என்றாள் காஞ்சனா மெதுவாக. "நம்ம வூட்டுக்கு வந்தவங்களுக்கு அவங்க பேர மாத்திக் கூப்ட்ட மாரி பண்ணிட்டோம்."

நான் பேசிக்கொண்டிருந்த ஜோரில் ஒரு காரியத்தைக் கோட்டைவிட்டேன். மாஸ்டர் கொடியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். பின்பக்கம் நூல் தெரியக் கூடாது என்று இரண்டு துணிகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துத் தைத்திருந்தார். பின்பக்க டிராகனும் இடது பக்கமே பார்த்தது.

"நான் லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணுன்னு எல்.எச்., ஆர்.எச். ஜோடியாத்தான்மா அடிச்சேன், சீட்டு கவர் மாரி. ஆர்.எச். பீஸ இந்தம்மா ரிஜெக்ட் பண்ட்டாங்க" என்றார்.

"டிராயிங்ல தலை லெஃப்ட்ல கீது மாஸ்டர். கஸ்டமர் கையால போட்ட டிராயிங். ரைட்ல வந்தா நாட் ஓகேதான்" என்றாள் காஞ்சனா. நிராகரித்த துண்டு சிவப்பு அட்டை கட்டி அலமாரியில் கிடந்தது.

எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அழகா இருக்கு என்று சொல்லி, அந்தத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அன்று வாலாஜாபாத்தில் காஞ்சனா வீட்டில் தங்கல். வெண்டைக்காய்க் காரக்குழம்பு பிரமாதம்.

வியாழக்கிழமை, காலை 8.05. ஆலை வாசல்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் இருபது கிலோமீட்டர். ஆலை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. எனக்கு ஒரு பார்வையாளர் அட்டை மாட்டி, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி, செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். செக்யூரிட்டி அதிகாரி கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காஞ்சனாவிடம் சொன்னார்.

"சிவப்பும் பச்சையுமா கேட்ல ஏத்தினா யூனியன் வந்துட்ச்சின்னு நெனைப்பாங்க மேடம். எனக்குப் போன் மேல போன் வரும்."

ஹெச்.ஆர். மேலாளர் கண்ணியமான மனிதர். ஆனால் அவர் பட்டியலில் வேல்ஸ் என்றொரு நாடே இல்லை. காஞ்சனா மூன்று வாரம் பின்னால் அலைந்து வாங்கிய அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பத்து மணிக்குக் கம்பம் காலியாக இருக்கக் கூடாது. ஏதாவது குளறுபடி என்றால் வழக்கமான யூனியன் ஜாக் ஏறிவிடும். அது மடித்துத் தயாராக மேஜைமேல் இருந்தது.

பன்னிரண்டடிக் கம்பத்தில் சோதனைக்காகக் கொடியை ஏற்றினார்கள். காஞ்சனா இரண்டு முனைகளைக் குச்சியால் விரித்துப் பிடித்துக் காட்டினாள். உள்ளேயிருந்து பார்த்தால் டிராகன் கம்பத்தைப் பார்த்து நின்றது. நான் கேட்டுக்கு வெளியே, ஷானின் கார் வரப்போகும் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்க்கும்போது டிராகன் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. போர்க்களத்தில் கொடியைப் பிடித்து முன்னே போகிறபோது மிருகமும் முன்னே பார்க்க வேண்டும். இது பயந்து பின்வாங்குகிற டிராகன். ஸ்வான்ஸீயில் ஆறு மாதம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதன் முகம் கம்பத்தை நோக்கியே இருந்தது இப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"ஏட்டி காஞ்சனா, இங்க வா. இது ஓடுதுட்டி."

அவள் வந்து பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "சரியான பீஸ நானே ரிஜெக்ட் பண்ணிட்டேன்மா!" என்றாள். கண் கலங்கிவிட்டது. தப்பு அவளுடையது மட்டுமா? உறுத்தலை விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த நாற்காலியில் உட்கார எனக்கே வெட்கமாக இருந்தது.

காலை 9.00.

காஞ்சனா போன் போட்டதும் மாஸ்டர் அலமாரித் துண்டை எடுத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் பறந்து வந்தார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செக்யூரிட்டி அறை நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். நான்கு பக்கமும் இரட்டைத் தையல். மெஷின் கிடையாது, கையால்தான்.

"ஒரு மணி நேரத்துல ஆவுமா மாஸ்டர்?"

"ஆவும்னு சொன்னா பொய்யி. தெச்சிகினே இருக்கேன்."

காலை 9.50.

ஷானின் கார் பத்து நிமிடம் முன்பே படப்பையைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. ஹெச்.ஆர். மேலாளர் யூனியன் ஜாக்கோடு வெளியே வந்தார். மாஸ்டர் நான்கில் இரண்டு பக்கமே தைத்து முடித்திருந்தார்.

"காஞ்சனா, இத ஏத்திடலாம். மத்தியானமா அத மாத்திக்கலாம்."

"வோணாம் சார். காலியாவே இருக்கட்டும்."

"காலிக் கம்பத்த காட்டி வெல்கம் பண்றதா?"

"தப்பு கொடியக் காட்டி ஒரு தபா பண்ணிட்டோம் சார். மெமோ குடுங்க, கையெழுத்துப் போடறேன். அத மட்டும் ஏத்தாதீங்க." சொல்லிவிட்டு அவள் கம்பத்தின் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அங்கிருந்து நகரவில்லை. மேலாளர் அவளையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மடித்த கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

கார் வந்து நின்றது. செம்பட்டை முடி, கசங்கிய சட்டை. ஷான் இறங்கி, "காஞ்சனா, சாப்ட்டாச்சா?" என்று தமிழில் கேட்டாள். காஞ்சனா காலிக் கம்பத்தைக் காட்டினாள். பிறகு நிழலில் உட்கார்ந்திருந்த மாஸ்டரைக் காட்டினாள்.

"ரீவொர்க் நடக்குது ஷான். பத்து நிமிஷம் குடு."

மாஸ்டர் மடியில் கிடந்ததை ஷான் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தைக்காத ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொடுத்தாள். மாஸ்டர் ஊசியை விட்டு எடுத்தார், அவள் அங்குலம் அங்குலமாகத் துணியை நகர்த்தினாள். ஷிஃப்ட் இடைவேளைக்கு வெளியே வந்த லைன் பெண்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். மேலாளரும் கடைசியில் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

காலை 10.25.

காஞ்சனா கயிற்றை ஷானிடம் நீட்டினாள். ஷான் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "பிறந்ததிலிருந்து இந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள்கூட நான் ஏற்றியதில்லை. என்னை யாரும் கூப்பிட்டதில்லை."

அவள் இழுத்தாள். "போலாம் ரைட்!" என்று அவளே சத்தமும் கொடுத்தாள், முன்பு கம்பெனி பஸ்ஸில் கற்றதாம். கொடி உச்சிக்குப் போனது. போய், துவைத்துப் போட்ட துண்டு மாதிரி தொங்கியது.

காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை. நேற்றிலிருந்து முன்பக்கம், பின்பக்கம் என்று நாங்கள் உயிரை விட்டதெல்லாம் மடிப்புக்குள் போய்விட்டது. கொஞ்சம் பச்சையும் ஒரு சிவப்புக் காலும்தான் தெரிந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.

அப்போது வாலாஜாபாத் பக்கமிருந்து கார்களை அடுக்கிய டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைக் கடந்தது. அதன் காற்றில் கொடி ஒரேயடியாக விரிந்தது. நாங்கள் நின்ற வெளிப்பக்கத்திலிருந்து டிராகன் முழுசாகத் தெரிந்தது, காலைத் தூக்கி, நாக்கை நீட்டி, கம்பத்தை நேருக்கு நேர் பார்த்தபடி. பெண்கள் கூச்சல் போட்டார்கள். மூன்று விநாடி. மறுபடி சுருங்கிவிட்டது.

"அடுத்த வண்டி வரட்டும்" என்றார் மாஸ்டர்.

நின்றோம். ஷானும் காஞ்சனாவும் தோளில் தோள் இடிக்க, சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கன்டெய்னர் வந்தது, விரிந்தது. ஒரு கம்பெனி பஸ் வந்தது, பாதி விரிந்தது. ஐந்து வண்டிகளுக்குப் பிறகு ஷான் அழுதாள். மறைக்கவில்லை. காஞ்சனாவும் அழுதாள். கணக்குக்கு நானும்.

பகல் 11.15. தாம்பரம் பேருந்து.

திரும்பும் வழியில் கூட்டுரோட்டில் பேருந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வான்ஸீயை நினைத்துக்கொண்டேன். அங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, காற்றுக்குப் பஞ்சமில்லை. கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அவ்வளவு காற்றிலும் யாரும் நின்று நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை, நான் உட்பட. தென்காசியில் எங்கள் தெருவில் நாலு கட்சிக் கம்பங்கள் இருக்கின்றன. எதில் எந்தக் கொடி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆலை வாசல் வந்தபோது எங்கள் பேருந்து வேகமெடுத்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். கொடி விரிந்தது தெரிந்தது. கம்பத்தின் கீழே, இன்னும் உள்ளே போகாமல், இரண்டு பெண்கள் அண்ணாந்து நின்றார்கள்.